திருநெல்வேலிக்கு அசை நாலா, அஞ்சா?

தம்பி, மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு படிக்கிற உங்கள் மகளுக்கு இங்கிலீஷ் மிஸ் சொற்களைச் சிலபிளாகப் பிரிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார். திருநெல்வேலியைக் கைதட்டி எண்ணி, ஐந்து என்றிருக்கிறார். அதே வாரம் தமிழ் ஐயா அலகிடும்போது, அதாவது சொல்லைச் செய்யுள் அசைகளாகப் பிரிக்கும்போது, அதே பெயருக்கு நான்கு அசை என்றிருக்கிறார். அகராதியைப் புரட்டினால் சிலபிள் என்றால் அசை என்று போட்டிருக்கிறது. "யாருப்பா சரி?" என்று பிள்ளை கேட்டாள், நீங்கள் என்னிடம் கேட்கிறீர்கள்.

இரண்டு பேர் சொன்னதும் சரி. வம்பு 'அசை' என்ற சொல்லில்தான் இருக்கிறது. செய்யுளை அளக்க நம் முன்னோர் வைத்த அலகுக்கு அசை என்று பெயர். பின்னால் மொழியியல் வந்தபோது, சிலபிளுக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டுமே என்று அதே பெயரை அதற்கும் மாட்டிவிட்டார்கள். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே பெயர் வைத்தால் என்ன குழப்பம் வருமோ அதுதான் வந்தது. இந்தப் பதில் முடியும்வரை ஐயாவின் அசையை யாப்பசை என்றும், மிஸ்ஸின் சிலபிளை ஒலியசை என்றும் சொல்லிக்கொள்கிறேன்.

திருநெல்வேலியை எழுதிப் பாருங்கள்: தி, ரு, நெ, ல், வே, லி. எழுத்து 6. ஒலியசை 5: தி, ரு, நெல், வே, லி. யாப்பசை 4: திரு, நெல், வே, லி. நிரை நேர் நேர் நேர் (யாப்பசையில் நேர், நிரை என்று இரண்டு வகை, பின்னால் சொல்கிறேன்), அந்த வரிசைக்கு அடையாளச் சொல்லான வாய்பாடு புளிமாந்தண்பூ. மாத்திரை, அதாவது ஒலிக்கும் நேர அளவு (குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, புள்ளி எழுத்துக்கு அரை), கூட்டினால் ஆறரை. உங்கள் கைபேசிக்குள்ளே இதே பெயர் 12 குறியீடுகளாகக் கிடக்கிறது, ஏனென்றால் யூனிகோடு 'தி'யைத் தகரம் ஒன்று, இகரக்குறி ஒன்று என்று இரண்டாக வைக்கிறது. 'ல்'லுக்கும் லகரம் ஒன்று, புள்ளி ஒன்று. ஒரு பெயரை எதைக் கொண்டு அளக்கிறோமோ அதற்கேற்ற விடை.

பரீட்சைக்கு மட்டும் வழி வேண்டுமென்றால் அது ரொம்பச் சுலபம். தமிழ்ச் சொல்லில் புள்ளி வைத்த எழுத்துகளையும் ஆய்தத்தையும் தள்ளிவிட்டு மிச்சத்தை எண்ணினால் அதுதான் ஒலியசைக் கணக்கு. தென்காசி 3, பாளையங்கோட்டை 5, அம்பாசமுத்திரம் 6. உயிரும் உயிர்மெய்யும் ஆளுக்கு ஓர் உயிரொலியைச் சுமக்கின்றன. ஓர் உயிரொலிக்கு ஓர் ஒலியசை. இந்தக் கணக்கு நமக்குப் புதிதும் இல்லை. கட்டளைக் கலித்துறை என்ற செய்யுள் வகையில், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17, அதுவும் ஒற்று, அதாவது புள்ளி எழுத்து, நீக்கி எண்ண வேண்டும் என்று விதி உண்டே, அது என்ன? ஒற்றை நீக்கி எண்ணுவதே ஒலியசை எண்ணுவதுதான். எழுத்து என்று பெயர் சொல்லிக்கொண்டு சிலபிளை எண்ணியிருக்கிறார்கள்.

இனி, இந்த ஒலியசை என்பது என்ன? மோவாய்க்குக் கீழே கையை வைத்துக்கொண்டு 'பாளையங்கோட்டை' என்று மெதுவாகச் சொல்லுங்கள். ஒவ்வோர் உயிருக்கும் தாடை திறக்கிறது, மெய் வரும்போது மூடப்பார்க்கிறது. திறப்பு ஒன்றுக்கு ஒலியசை ஒன்று. ஒலிகளில் எல்லாம் ஒரே அளவு கணீரென்று இருப்பதில்லை. அ, ஆ போன்ற உயிர்கள் உச்சம். அடுத்து ய, வ. அப்புறம் ர, ல, ழ, ள. அதற்கும் கீழே ங, ஞ, ண, ந, ம, ன. அடித்தட்டில் க, ச, ட, த, ப, ற. ஓர் ஒலியசை கீழிருந்து தொடங்கி உயிரில் உச்சிக்குப் போய் மறுபடி இறங்கும். உச்சிக்கு முன்னால் வருவதைத் தலை என்றும் பின்னால் வருவதை வால் என்றும் வைத்துக்கொள்வோம். 'நெல்' என்பதில் ந் தலை, எ உச்சி, ல் வால். 'லி'யில் தலையும் உச்சியும் உண்டு, வால் இல்லை. உச்சி மட்டும் இல்லாமல் இருக்க முடியாது.

சரி, இரண்டு உச்சிக்கு நடுவில் ஒரு மெய் நின்றால் அது யாருக்குச் சேரும்? முன்னதற்கு வாலா, பின்னதற்குத் தலையா? உலகத்து மொழிகளில் பெரும்பாலானவை சொல்கிற பதில், பின்னதற்குத் தலை என்பதுதான். இருபதாம் நூற்றாண்டின் மொழியியலில் இதை ஒரு பெரிய பொதுவிதியாகப் படிப்பார்கள். நம் பையன்கள் இதை எட்டாம் வகுப்பிலேயே வேறு பெயரில் மனப்பாடம் செய்கிறார்கள்: "உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே." நன்னூல். ஊர் + எல்லாம் = ஊரெல்லாம். பிரித்துச் சொல்லும்போது ர் ஊருக்கு வால். சேர்த்துச் சொன்னதும் அது ஊரை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குக் குடிபோகிறது: ஊ, ரெல், லாம். உயிரைக் கண்டால் மெய் தாவி ஏறிக்கொள்கிறது, நன்னூல் எழுதிய பவணந்தியார் அதை 'இயல்பு' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். சிலபிள் பற்றித் தமிழ் இலக்கணம் என்ன சொல்கிறது என்று தேடுகிறவர்கள் எல்லோரும் யாப்பதிகாரத்துக்கு ஓடுகிறார்கள், 'அசை' என்ற பெயர் அங்கேதான் இருக்கிறது என்பதால். ஆனால் விஷயம் கிடப்பது புணர்ச்சியில், அதாவது இரண்டு சொல் சேரும்போது என்ன ஆகும் என்று சொல்லும் பகுதியில். வருமொழி உயிரில் தொடங்கினால் என்ன ஆகும், நிலைமொழி உயிரில் முடிந்தால் என்ன ஆகும் என்று அந்த இயல்கள் பேசுவது முழுக்க முழுக்கத் தலை, வால் கணக்கு. உடம்படுமெய்யை எடுங்கள். தலை இல்லாத ஒலியசை சொல்லின் நடுவில் வருவது தமிழுக்குப் பிடிக்காது. அதனால்தான் மணி + அடித்தான் என்றால் ஒரு யகரத்தைக் கொண்டுவந்து தலையாக நிறுத்தி 'மணியடித்தான்' ஆக்குகிறோம். பூ + அழகு 'பூவழகு' ஆகிறது. பிள்ளைகளிடம் 'யகர உடம்படுமெய், வகர உடம்படுமெய்' என்று ஒப்பிக்கச் சொல்கிறோமே தவிர, எதற்காக அது வருகிறது என்று சொல்வதே இல்லை. நானும் முப்பது வருஷம் வகுப்பெடுத்தவன்தான், முதல் பத்து வருஷம் சொன்னதில்லை.

அடுத்த நூற்பா இன்னும் ருசி. "தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்." கல் + எல்லாம் = கல்லெல்லாம். ஊர் + எல்லாம் என்று வரும்போது ர் ஒன்றே ஒன்று குடிபோனது. இங்கே மட்டும் ஏன் ல் இரண்டாகிறது? ஒரே ல் குடிபோயிருந்தால் 'கலெல்லாம்' ஆகியிருக்கும்: க, லெல், லாம். கல் என்ற சொல்லுக்கு மிச்சம் 'க' மட்டும். ஒற்றைக் குறில் ஒரு சொல்லாகத் தனித்து நிற்பதைத் தமிழ் ஏற்பதே அரிது. நன்னூல் கணக்கில் ஓரெழுத்து ஒருமொழி 42. அதில் 40 நெடில். குறில் இரண்டே இரண்டு, நொ, து. இரண்டையும் இன்று யாரும் பேசுவதில்லை. தீ, பூ, கை, வா, போ எல்லாம் நெடில் என்பதால் நிற்கின்றன. குறில் நிற்க வேண்டுமென்றால் கல், மண், நெய் என்று வாலில் ஓர் ஒற்று வேண்டும். ஆகவே ல் போகவும் வேண்டும், இருக்கவும் வேண்டும். இரட்டித்துக்கொண்டது. ஒன்று 'கல்'லுக்கு வால், இன்னொன்று 'லெல்'லுக்குத் தலை.

இதைப் புத்தக விதி என்று நினைக்க வேண்டாம். நம் கடைத்தெருவில் நின்று கேளுங்கள். பேச்சில் மெய்யில் முடிகிற சொல்லுக்கு ஓர் உகரமோ இகரமோ ஒட்டிக்கொள்கிறது: பாலு, கல்லு, நாயி, நெய்யி. பால் என்பது நெடில், இரட்டவில்லை. கல் என்பது தனிக்குறில், இரட்டியது. நாயி, நெய்யி இரண்டையும் அப்படியே பொருத்திப் பாருங்கள். வெளியிலிருந்து வந்த சொல்லும் இதே சட்டத்துக்குக் கட்டுப்படுகிறது. கார் 'காரு' ஆகிறது, பஸ் 'பஸ்ஸு' ஆகிறது. ஃபேன் 'ஃபேனு', பின் 'பின்னு'. ரயில் இரண்டு ஒலியசை உள்ள சொல், அதனால் 'ரயிலு', இரட்டிப்பு இல்லை. பில் ஒன்றே, 'பில்லு'. "ஏலே, பஸ்ஸு போயிட்டு" என்று சந்திப்புப் பேருந்து நிலையத்தில் கத்துகிற பையன் நன்னூல் படித்தவனா? அவன் வாய் படித்திருக்கிறது.

இப்போது யாப்பசைக்கு வரலாம். குறில் தனியே நிற்கத் தயங்கும் என்றேன் அல்லவா? யாப்பிலும் அதே தயக்கம்தான். சீரின், அதாவது அசைகள் சேர்ந்த செய்யுள் துண்டின், தொடக்கத்திலோ நடுவிலோ ஒரு குறில் வந்து, பின்னால் ஒற்று இல்லையென்றால், அது தனி அசையாக நிற்காது. அடுத்த எழுத்தையும் கூட்டிக்கொண்டு நிரையாகும். தி + ரு சேர்ந்து 'திரு'. நெடில் தனியே நிற்கும், நேர். ஒற்றடுத்த குறிலும் தனியே நிற்கும், நேர். சீர்க் கடைசியில் கூட்டுக்கு ஆளில்லாமல் மாட்டிக்கொண்ட குறிலுக்கு மட்டும் விதிவிலக்கு, திருநெல்வேலியின் 'லி' மாதிரி. ஆக நேரசைக்குள் ஒலியசை 1, நிரைக்குள் 2. திருநெல்வேலியில் ஐந்து நாலானது 'திரு'வில்தான், மற்றதெல்லாம் ஒன்றுக்கொன்று. மிஸ்ஸும் ஐயாவும் சண்டை போட்டால் அந்த இரண்டு எழுத்துக்காகத்தான் போட வேண்டும்.

யாப்பசையை எடை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சமஸ்கிருத யாப்பில் லகு, குரு என்பது ஒவ்வொரு ஒலியசைக்கும் தனித்தனி எடை. நம் நேர் அப்படி இல்லை. 'லி' ஒரு மாத்திரை, 'கோட்' இரண்டரை மாத்திரை, இரண்டும் நேர்தான். நிரையிலும் இதே கதை. நம் யாப்பசை எடை பார்ப்பதைவிட எங்கே கால் ஊன்றி நிற்கலாம் என்று பார்க்கிறது. தொல்காப்பியர் காலத்தில் குற்றியலுகரம் ஒட்டிய நேர்பு, நிரைபு என்று இன்னும் இரண்டு இருந்தன. அவை இன்று வெண்பாவின் ஈற்றுச்சீரில் காசு, பிறப்பு என்று எச்சமாக நிற்கின்றன.

இரண்டு அசையும் ஒத்துப்போகிற இடமும் உண்டு, அதுவும் நம் பக்கத்திலேயே. தென்காசிக்கு அடுத்த மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் மலைவளம் சொல்லும் இரண்டு அடி:

வானரங்கள் கனிகொடுத்து மந்தியொடு கொஞ்சும்
மந்திசிந்து கனிகளுக்கு வான்கவிகள் கெஞ்சும்

ஒற்றைத் தள்ளிவிட்டு எண்ணுங்கள். முதல் அடி 4, 5, 4, 2. இரண்டாம் அடியும் 4, 5, 4, 2. பதினைந்துக்குப் பதினைந்து. அலகிட்டுப் பாருங்கள், இரண்டு அடியும் கூவிளங்காய், கருவிளங்காய், கூவிளங்காய், தேமா. சீருக்குச் சீர் அச்சு. இதைச் சத்தமாகப் படித்தால் குரங்கு தாவுவதே காதில் கேட்கும் என்று என் ஆசிரியர் சொல்வார். அடுத்த இரண்டு அடியில் கணக்கு பதினாறாகிறது, சீர்களின் பங்கீடும் கொஞ்சம் மாறுகிறது. ஆனாலும் பாட்டு எங்கும் இடறாது. கவிராயர் விரல் விட்டு எண்ணி எழுதினார் என்று நான் நம்பவில்லை.

தமிழ் ஒலியசையின் இன்னொரு குணம், தலையில் இரண்டு மெய்யைச் சேர்த்து ஏற்றாது. ஒன்றுதான். அதனால்தான் கடன்வாங்கிய சொற்களை நாம் உடைக்கிறோம். 'பிரேக்கு' என்கிறோம், 'பிளாட்பாரம்' என்கிறோம், ஸ்டேஷனில் முதல் மெய்யையே கழற்றிவிட்டு 'டேசன்' என்கிறோம். ஸ்ரீவைகுண்டம் எங்கள் ஆச்சி வாயில் கடைசிவரை சீவைகுண்டம்தான். சொல்லின் நடுவில் இரண்டு மெய் சேர்ந்து வரலாம், ஆனால் ஒன்று முன்னதற்கு வாலாகவும் மற்றது பின்னதற்குத் தலையாகவும் பிரிந்துகொள்ளும். அங்கேயும் ஒரு நிபந்தனை இருக்கிறது. வாலில் நிற்பது கணீர் ஒலியாகவும் தலையில் நிற்பது அடித்தட்டு ஒலியாகவும் இருந்தால் நமக்குச் சம்மதம்: ங்க, ந்த, ம்ப, ல்க, ர்த. தலைகீழாக வந்தால் சம்மதமில்லை. க், ச், த், ப் நான்கும் தம்மோடு மட்டும்தான் மயங்கும், அதாவது அடுத்தடுத்து வரும், என்று தொல்காப்பியத்திலிருந்தே மெய்ம்மயக்கம் சொல்லிவருகிறது. ஆகவே பக்தி 'பத்தி' ஆனது, சக்தி 'சத்தி' ஆனது. ரத்னத்துக்கு நடுவில் ஓர் இகரம் நுழைந்து 'இரத்தினம்' ஆனது. முன்னால் வந்து நிற்கிற இகரம், ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலாகாது என்பதால். ஆத்மாவுக்கு இரண்டு வைத்தியம் செய்தார்கள்: 'ஆத்துமா' என்று உயிர் சொருகினார்கள், 'ஆன்மா' என்று த்-ஐயே ன் ஆக்கினார்கள். கிருஷ்ணன் கதை இன்னும் வேடிக்கை. சமஸ்கிருதத்தில் அந்தப் பெயரின் முதல் ஒலியசையில் உயிரே இல்லை, ரகரம்தான் உச்சியாக நிற்கிறது. நமக்கு உச்சியில் உயிர் இல்லாமல் முடியாது. 'கிரு' என்று இரண்டு உயிரைக் கொடுத்துக் குடியேற்றினோம்.

வாலில் இரண்டு மெய் எழுத்தில் உண்டு. ய், ர், ழ் மூன்றுக்கும் பின்னால் இன்னோர் ஒற்று வரலாம்: பார்த்தான், வளர்த்தான், வாழ்க்கை. பேச்சில் நிற்குமா? 'பாத்தான்', 'வளத்தான்'. முதல் ஒற்று கழன்றுவிடுகிறது. எழுத்து மரபு அனுமதித்ததை வாய் அனுமதிக்கவில்லை.

நம்மைவிடக் கண்டிப்பானவர்கள் உலகத்தில் உண்டு. ஹவாய் மொழியில் மெய்கள் எட்டே எட்டு, ஒலியசைக்கு வாலே கிடையாது. மெரி கிறிஸ்துமஸ் என்பதை அவர்கள் 'மெலே கலிகிமாகா' என்கிறார்கள். இங்கிலீஷில் 4 ஒலியசை, அங்கே 7. மறுபக்கம் செக் மொழியில் 'ப்ர்ஸ்ட்' என்றால் விரல், 'க்ர்க்' என்றால் கழுத்து, தொண்டை. உயிரைத் தேடாதீர்கள், ரகரமே உச்சி. மொராக்கோவின் தஷெல்ஹித் மொழி அதையும் தாண்டிப் போகிறது. அங்கே எந்த மெய்யும் உச்சியில் உட்காரலாம் என்று 1985-ல் ஃபிரான்சுவா டெல்லும் முகமது எல்மெட்லாவியும் எழுதிய கட்டுரை மொழியியல்காரர்களிடையே பெரிய பேச்சானது. மெய் எப்போதும் பின்வரும் உயிருக்கே தலை என்ற பொதுவிதியையே அசைத்துப் பார்த்த மொழியும் ஒன்று இருக்கிறது. நடு ஆஸ்திரேலியாவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வட்டாரத்து அர்ரெர்ன்ட்டேயில் ஒலியசைகளுக்குத் தலையே இல்லை, வால் மட்டும்தான் என்று காவன் பிரீனும் ராப் பென்சல்ஃபினியும் 1999-ல் வாதிட்டார்கள். எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கும் அரைச் சந்தேகம்தான்.

ஜப்பானியரைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் எண்ணுவது ஒலியசையையே இல்லை, கிட்டத்தட்ட நம் மாத்திரையை. நெடிலுக்கு இரண்டு, குறிலுக்கு ஒன்று. ஆனால் வாலில் நிற்கும் ஒற்றுக்கு நாம் அரை போடுகிற இடத்தில் அவர்கள் முழுசாக ஒன்று போடுகிறார்கள். அவர்கள் நாட்டின் பெயரான நிப்போன் ஒலியசையில் 2, அவர்கள் கணக்கில் 4: நி, ப், போ, ன். டோக்கியோவும் அப்படியே 2-ம் 4-ம். ஹைக்கூவின் 5, 7, 5 இந்தக் கணக்கில்தான். தமிழில் ஹைக்கூ எழுதுகிற தம்பிமார் சிலர் எழுத்தெண்ணியோ சொல்லெண்ணியோ பதினேழைக் கொண்டுவரப் பாடுபடுவதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

இங்கிலீஷைப் பற்றி மிஸ்ஸிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். எத்தனை சிலபிள் என்று எண்ணுவது சுலபம், எங்கே வெட்டுவது என்பதில்தான் தகராறு. 'நாலெட்ஜ்' என்ற சொல்லை வரி முடிவில் உடைக்க நேர்ந்தால், அமெரிக்க அச்சில் லகரத்தை முதல் துண்டோடு விடுவார்கள், உச்சரிப்பு அப்படி என்பதால். பிரிட்டிஷ் மரபில் 'நோ' என்ற வேர்ச்சொல்லைத் தனியே நிறுத்தி லகரத்தை அடுத்த வரிக்குத் தள்ளுவார்கள். இரண்டும் அகராதியில் ஏறிய முறைகள்தான். இந்த உடைப்பைக் கணினிக்குக் கற்றுக்கொடுப்பதற்காகவே 1983-ல் ஸ்டான்ஃபோர்டில் ஃபிராங்க் லியாங் முனைவர் பட்ட ஆய்வு செய்திருக்கிறார். ஆகவே பிரிக்கிற இடத்துக்காகப் பிள்ளைக்கு அரை மதிப்பெண் போனால் அழ வேண்டாம்.

தமிழில் அந்தத் தொல்லை இல்லை. புள்ளி எழுத்தில் வரி தொடங்காது, அவ்வளவுதான் விதி. வால் தன் உச்சியை விட்டுப் பிரியாது என்பதன் அச்சுக்கோப்பு வடிவம் அது. மற்றபடி எங்கே உடைத்தாலும் ஒலியசை எல்லையில்தான் உடையும். இந்த ஒரு விதியையும் மீற ஆள் உண்டு. என் தங்கை மகள் கல்யாணப் பத்திரிகையில் முகவரி 'திருநெ' என்று ஒரு வரியில் முடிந்து 'ல்வேலி' என்று அடுத்த வரியில் தொடங்கியது. அச்சகத்தின் பெயர் வேண்டாம், கணினியில் அடித்த பையன் "இடம் பத்தலை சார்" என்றான். ஐநூறு பத்திரிகை. மாப்பிள்ளை வீட்டார் யாரும் கவனிக்கவில்லை, நான்தான் இன்னும் மறக்கவில்லை.

இவ்வளவு பேசிவிட்டு, நாம் யாரும் திருநெல்வேலி என்று முழுசாகச் சொல்வதில்லை என்பதைச் சொல்லாமல் விடலாமா? திருநவேலி என்போம், தின்னவேலி என்போம். திருநவேலியில் போனது ல் மட்டும். ஒலியசை அதே 5, யாப்பசை 3 ஆகிவிட்டது. தின்னவேலியில் ஒலியசையே 4 ஆகிவிட்டது. என் ஊகம் இது: 'ரு' என்பது வால் இல்லாத குறில், நடுவில் மாட்டிக்கொண்டது, அதன் உகரம் தேய்ந்து விழுந்திருக்கிறது. உயிர் போன ரகரம் பக்கத்து நகரத்தோடு கலந்து 'ன்ன' ஆகியிருக்கிறது. திருச்செந்தூரையோ திருக்குறுங்குடியையோ யாரும் இப்படித் 'தி'யோடு சுருக்குவதில்லை என்பதைக் கவனியுங்கள். அங்கே 'ருச்', 'ருக்' என்று ஒற்று முட்டுக்கொடுத்து உகரத்தைக் காப்பாற்றுகிறது. வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்த 'டின்னவெல்லி' அவர்கள் நாக்குப் புரளாமல் வந்த கோளாறு என்று பலர் நினைக்கிறார்கள். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1881-ல் வெளியிட்ட மாவட்ட வரலாற்றின் தலைப்பிலும் அந்தப் பெயர்தான் இருக்கிறது. மனிதர் தமிழ் தெரியாதவரா? டின், ன, வெல், லி, நாலு ஒலியசை. நம் ஆட்கள் சொன்னதைக் காதில் வாங்கித்தான் எழுதியிருக்கிறார்கள், நெடிலைத்தான் கோட்டைவிட்டார்கள்.

வினைச்சொல்லிலும் இதே தேய்மானம் உண்டு. எழுத்தில் 'வருகிறான்', 4 ஒலியசை. வடக்கே 'வர்றான்', நம்மிடம் 'வாரான்', இரண்டுமே 2. உகரமும் கிகரமும் போனபிறகு மிஞ்சியது 'வ' என்ற ஒற்றைக் குறில். அதை அவர்கள் ஒற்று வைத்துத் தாங்கினார்கள், நாம் நெடிலாக்கித் தாங்கினோம். கல்லெல்லாம் என்று ல் இரட்டித்ததே, அந்தக் கவலைதான் இங்கேயும்.

கடைசியாக உங்கள் ஊர். பாப்பாவிடம் விக்கிரமசிங்கபுரத்தை எழுதிக் கொடுங்கள். எழுத்து 11. புள்ளி மூன்றைத் தள்ளினால் ஒலியசை 8. அலகிட்டால் விக், கிர, மசிங், கபு, ரம்: நேர் நிரை நிரை நிரை நேர், யாப்பசை 5. தமிழில் நாலசைக்கு மேல் சீர் கிடையாது, ஆகவே உங்கள் ஊர்ப்பெயர் எந்தப் பாவிலும் ஒரே சீராக உட்காராது. கண்டக்டர்கள் அதை என்றைக்கோ சரிசெய்துவிட்டார்கள். வீ, கே, புரம். நேர் நேர் நிரை, தேமாங்கனி.